மகளின் கல்லூரிக் கட்டணத்தை வருமான வரிக் கணக்கில் கழிப்பது எப்படி?

கேள்வி: செக்காலைக்காரன், காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். 2025-26 நிதியாண்டுக்கான படிவம் 16 (சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் சான்று) போன வாரம்தான் கைக்கு வந்தது. ஆண்டுச் சம்பளம் 11,40,000 ரூபாய். ஒவ்வோர் ஆண்டும் செய்வதுபோல் சென்ற ஏப்ரலிலும், இதுபோன்ற கழிவுகளுக்கு இடமுள்ள பழைய வரிமுறையே வேண்டும் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். வருங்கால வைப்பு நிதி 78,000, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் 36,000 ஆகிய இரண்டை மட்டும் கழித்துவிட்டு, மீதிக்கு 1,12,008 ரூபாயை வரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

மூத்த மகள் கோயம்புத்தூரில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மகன் இங்கேயே பதினொன்றாம் வகுப்பு. மகளுக்காக இந்த ஆண்டில் கட்டிய 1,85,000 ரூபாய்க்குக் கல்லூரி கொடுத்த ரசீதில் கல்விக் கட்டணம் 85,000, வளர்ச்சிக் கட்டணம் 20,000, விடுதியும் மெஸ்ஸும் சேர்த்து 70,000, தேர்வு மற்றும் இதர கட்டணங்கள் 10,000 என்று பிரித்துப் போட்டிருக்கிறது. இது தவிர, மகளும் நானும் சேர்ந்து வங்கியில் கல்விக் கடன் வாங்கியிருக்கிறோம். படிப்பு முடியும்வரை தவணை கிடையாது என்றாலும், வட்டி ஏறிக்கொண்டே போகக் கூடாது என்பதற்காக என் கணக்கிலிருந்து இந்த ஆண்டு 31,000 ரூபாய் வட்டி கட்டினேன்.

ஜனவரியில் அலுவலகத்தில் சான்றுகளைக் கேட்டபோது ரசீதைக் கொடுக்காமல் விட்டுவிட்டேன். இப்போது கணக்கு தாக்கல் செய்யும்போது இவற்றையெல்லாம் சேர்த்துக்கொள்ள முடியுமா? கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒருவர், 1,85,000 முழுவதையும் கல்விக் கட்டணம் என்றே போட்டுவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. ஆண்டுக்கு 3,60,000 வாங்குகிறார். கட்டணத்தில் பாதியை அவர் கணக்கில் காட்டலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஐந்தொகை, கானாடுகாத்தான்

தங்கள் மனம் ஒப்பாதது சரியே. நாற்பது ஆண்டுகள் பேரேட்டோடு பழகியவன் என்ற முறையில் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். ஏனென்றால் தாங்கள் கேட்ட கேள்விக்கான பதிலும், தங்களுக்கு உண்மையில் பயன்படப்போகும் பதிலும் வேறுவேறு.

முதலில் கேட்டதற்கான பதில். வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவு கல்விக் கட்டணம் என்று ஏற்பது, இந்தியாவில் உள்ள பள்ளி, கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்தில் முழுநேரப் படிப்புக்காகத் தம் பிள்ளைகளில் இருவர் வரைக்கும் பெற்றோர் செலுத்தும் கட்டணத்தை மட்டுமே. வளர்ச்சிக் கட்டணம், நன்கொடை என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் அந்த வகைத் தொகைகளைச் சட்டமே வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. விடுதி, மெஸ், பேருந்து, தேர்வு, இதர கட்டணங்கள் ஆகியவை கல்விக் கட்டணம் ஆகா. ஆகவே தங்கள் ரசீதின் 1,85,000-இல் தகுதியுள்ளது 85,000 மட்டுமே. சில கல்லூரிகள் எதையும் பிரிக்காமல் ஒரே தொகையாக ரசீது கொடுத்துவிடும். அப்படிப்பட்டவர்கள் அலுவலகத்தில் கேட்டுப் பிரித்தெழுதிய சான்று ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் அந்த 85,000-மும் முழுதாகத் தங்களுக்கு உதவாது. வைப்பு நிதி, காப்பீடு, கல்விக் கட்டணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 80சி-யின் உச்சவரம்பு 1,50,000 ரூபாய். 2014-15 முதல் அது ஒரு ரூபாய்கூட உயரவில்லை. கல்லூரிக் கட்டணம் அப்படி நின்றுவிடவில்லை என்பதைத் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தாங்கள் ஏற்கெனவே 1,14,000 காட்டிவிட்டீர்கள். எஞ்சியிருக்கும் இடம் 36,000 மட்டுமே. மகனின் பள்ளிக் கட்டணத்தைத் தாங்கள் எழுதவில்லை. எழுதினாலும் அதற்கு இடமில்லை.

கல்விக் கடன் வட்டிக்கு 80இ என்று தனிப் பிரிவு உண்டு. அதற்கு உச்சவரம்பே இல்லை; அசலுக்கு மட்டும் கழிவு கிடையாது. கடன் வங்கியிலோ அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனம் அல்லது அறநிறுவனத்திலோ வாங்கியதாக இருக்க வேண்டும். வட்டியைத் தங்கள் வருமானத்திலிருந்து தாங்களே கட்டியிருக்க வேண்டும். கடன் பத்திரத்தில் ஜாமீன்தாரராக மட்டும் இல்லாமல் கடன் வாங்கியவராகவும் தங்கள் பெயர் இருக்க வேண்டும். தங்களுக்கு இந்த மூன்றும் பொருந்துகின்றன. நம் பக்கத்தில் கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைப்பதும், பங்காளிகளிடம் வட்டிக்கு வாங்குவதும் சகஜம். பங்காளிக்குக் கட்டும் வட்டிக்கு 80இ-யில் இடமே இல்லை. நகைக் கடன் வட்டியையும் இந்தப் பிரிவில் காட்ட நான் யாருக்கும் யோசனை சொல்வதில்லை. படிப்புக்காகவே வாங்கிய கடன் என்று அதை நிறுவுவது எளிதன்று.

ஆக, கட்டணத்தில் 36,000, வட்டியில் 31,000, மொத்தம் 67,000 கூடுதலாகக் கழியும். தங்கள் வருமானத்தின் மேல்தட்டுக்கு 20 விழுக்காடு வரியும், அதன்மேல் 4 விழுக்காடு மேல்வரியும் (செஸ்) விழுவதால், மிச்சமாவது 13,936 ரூபாய். அலுவலகத்தில் சான்று கொடுக்காமல் விட்டது தடையில்லை. கணக்கு தாக்கல் செய்யும்போதே கோரலாம். இதுவரை சொன்னது தாங்கள் கேட்டதற்கான பதில்.

இனி, தங்களுக்குப் பயன்படும் பதிலைச் சொல்கிறேன். அந்த 13,936 ரூபாயைக் கோராதீர்கள்.

2023-24 முதல் புதிய வரிமுறைதான் இயல்பானது. பழையது வேண்டுமென்றால் நாம்தான் கேட்டுப் பெற வேண்டும். புதிய முறையில் 80சி-யும் இல்லை, 80இ-யும் இல்லை என்பதால் பிள்ளை படிக்கும் வீட்டுக்கு அது ஆகாது என்று ஊரில் ஒரு பேச்சு பரவியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். தங்கள் சம்பளம் 11,40,000. புதிய முறையில், சம்பளக்காரருக்குத் தானாகவே கிடைக்கும் நிலையான கழிவு 75,000 போக 10,65,000. 2025-26 நிதியாண்டு முதல், வரிக்குரிய வருமானம் 12,00,000 வரை இருந்தால் 87ஏ தள்ளுபடியால் வரி முழுவதும் நீங்கிவிடுகிறது. ஆகவே தாங்கள் கட்ட வேண்டிய வரி பூஜ்யம்.

பழைய முறையில் நிலையான கழிவு 50,000, 80சி முழு வரம்பான 1,50,000, வட்டி 31,000 எல்லாம் போக மிஞ்சும் 9,09,000-க்கு மேல்வரியோடு 98,072 ரூபாய் வரி. கல்லூரிக் கட்டணத்தை முறைப்படி, ஒரு பிழையும் இல்லாமல் கழித்தாலும் அவ்வளவு வரி கட்டியாக வேண்டும். எதையுமே கழிக்காமல் புதிய முறைக்குப் போனால், பிடித்தம் செய்த 1,12,008-மும் திரும்பி வரும். (தொழில் வரியை எளிமைக்காகக் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தாலும் முடிவு மாறாது.)

அலுவலகத்தில் பழைய முறை என்று எழுதிக் கொடுத்தது தங்களைக் கட்டுப்படுத்தாது. அது பிடித்தம் செய்வதற்கான அறிவிப்பு மட்டுமே. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் கணக்கு தாக்கல் செய்யும்போது ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பங்குகளை விற்ற ஆதாயம் போலத் தனி விகிதத்தில் வரி விழும் வருமானம் இருந்தால், அந்த வரிக்கு 87ஏ தள்ளுபடி கிடைக்காது.

மனைவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் நகரத்தார் கோயில் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, அதாவது வரி கொடுக்கும் ஒரு குடும்பம். புள்ளி வரியும் ஒன்றே. வருமான வரிக்காரர் கணக்கில் இருவரும் தனித்தனிப் புள்ளிகள். ஆளுக்கு 1,50,000 வரம்பு, ஆளுக்கு இரண்டு பிள்ளைகள் என்று அவர்களுக்குத் தனியாகவே உண்டு. ஒரே பிள்ளையின் கட்டணத்தையும் அவரவர் கட்டிய அளவுக்கு இருவரும் காட்டலாம். ஒரே ரூபாயை இருவரும் காட்டக் கூடாது. யார் கணக்கிலிருந்து பணம் போயிற்று என்பதே அளவுகோல் என்பதால், தாங்கள் கட்டியதை அவர் கட்டியதாகக் காட்ட வழியில்லை. அதற்கு அவசியமும் இல்லை. 3,60,000 சம்பளத்துக்கு எந்த முறையிலும் வரி வராது.

முழுத் தொகையையும் போட்டுவிடலாம் என்று சொன்னவரைப் பற்றி ஒரு வார்த்தை. வருமானத்தைத் தவறாகக் காட்டினால், அதனால் குறைந்த வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம் விதிக்க 270ஏ பிரிவு இடமளிக்கிறது. 2025 ஜூலையில் பொய்க் கழிவுகளைக் குறிவைத்து நாடு முழுவதும் சோதனைகளே நடந்தன. தங்கள் விஷயத்திலோ அந்தப் பொய்யால் ஒரு காசுகூட லாபமில்லை. உச்சவரம்பு அதை விழுங்கிவிடும்.

பதில் 2: தேவகோட்டை ஆச்சி

ஐந்தொகை ஐயா சொன்ன கணக்கு கேள்வி கேட்ட தம்பிக்குப் பொருந்தும். ஆனால் படிப்பவர்கள் எல்லோரும் புதிய முறையே நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காக என் கணக்கையும் எழுதுகிறேன். நான் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை. 2025-26-இல் சம்பளம் 15,00,000. பொது வருங்கால வைப்பு நிதியே 80சி-யை நிரப்பிவிடுவதால், இளையவளின் கல்லூரிக் கட்டண ரசீது எனக்கு எந்த ஆண்டும் உதவியதில்லை. பெரியவன் அயர்லாந்தில் முதுநிலை படிக்கப் போனான். அந்தக் கட்டணத்தை 80சி-யில் காட்டவே முடியாது. கல்லூரி இந்தியாவில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் 80இ-க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவன் படிப்புக்கு என் பெயரையும் சேர்த்து வங்கியில் வாங்கிய கடனுக்கு இந்த ஆண்டு நான் கட்டிய வட்டி மட்டும் 3,10,000.

அதோடு குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டி 2,00,000, மருத்துவக் காப்பீடு 25,000, 80சி 1,50,000, நிலையான கழிவு 50,000 எல்லாம் போக 7,65,000 வருகிறது. அதற்கு வரி 68,120. புதிய முறையில் 14,25,000-க்கு 97,500 கட்டியிருப்பேன். பழைய முறையில் 29,380 மிச்சம். இதில் வீட்டுக் கடன் வட்டியையோ கல்விக் கடன் வட்டியையோ எடுத்துவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் எனக்குப் பழைய முறை லாபம். சென்னையில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வீட்டு வாடகைப்படி கை கொடுக்கும். சொந்த வீட்டில் குடியிருக்கும் எனக்கு அதுவும் இல்லை.

இன்னொரு விஷயம். பழைய முறை வேண்டுவோர் கெடு தேதிக்குள் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். என் போன்ற சம்பளக்காரர்களுக்கு அது வழக்கமாக ஜூலை 31. ஒரு நாள் தவறினாலும் புதிய முறைதான். எனக்கு அது 29,380 ரூபாய்ப் பிழையாகிவிடும். கடன் கொடுத்த வங்கி, கடன் கணக்கு எண், கடன் வாங்கிய தேதி, மொத்தத் தொகை, நிலுவை ஆகிய விவரங்களைப் படிவத்திலேயே கேட்கிறார்கள் என்பதால் வங்கியிடம் வட்டிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

பதில் 3: புதுவயல் அரிசி ஆலை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் கேள்வியும் இதையொட்டியதே. என் அண்ணன் ஆறு ஆண்டுகளுக்கு முன் தவறிவிட்டார். அவருடைய மகன் மதுரையில் படிக்கிறான். கட்டணம் முழுவதும் நான்தான் கட்டுகிறேன். எங்களுக்குப் பிள்ளையில்லை. அவனையே பிள்ளை கூட்டிக்கொள்வது (தத்தெடுப்பது) என்று இரு வீட்டாரும் பேசி வைத்திருக்கிறோம்; இன்னும் சுவிகாரச் சடங்கு நடக்கவில்லை. நான் இந்தக் கட்டணத்தைக் கழிக்கலாமா?

பதில் 4: ஐந்தொகை, கானாடுகாத்தான்

தாங்கள் செய்வது பெரிய காரியம். சட்டம் அதை இன்னும் பார்க்கவில்லை. 80சி-யில் கல்விக் கட்டணம் சொந்தப் பிள்ளைக்கு மட்டுமே. தம்பி, தங்கை, அண்ணன் மகன் எவருக்காகக் கட்டினாலும் கழியாது. தமக்கோ மனைவிக்கோ கட்டினாலும் கழியாது. 80இ சற்றே தாராளம். அதில் தம் படிப்பு, துணைவர் படிப்பு, பிள்ளைகள் படிப்பு, தாம் சட்டப்படி காப்பாளராக உள்ள மாணவரின் படிப்பு ஆகியவற்றுக்கு வாங்கிய கடன் அடங்கும். ஆனால் சித்தப்பாவாக இருப்பதால் மட்டும் ஒருவர் சட்டப்படியான காப்பாளர் ஆகிவிடுவதில்லை.

சுவிகாரம் நடந்துவிட்டால் நிலை மாறும். வருமான வரிச் சட்டத்தின் வரையறையிலேயே பிள்ளை என்ற சொல்லுக்குள் சுவிகாரப் பிள்ளையும் அடக்கம். சுவிகாரத்துக்குப் பின் தாங்கள் கட்டும் கட்டணத்துக்குத் தகுதி உண்டு; அதற்கு முன் கட்டியதற்கு இல்லை. சடங்கோடு நிற்காமல் பத்திரத்தையும் பதிவு செய்துவிடுங்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவரைச் சுவிகாரம் எடுப்பதற்கு 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் வழக்கத்தை ஆதாரமாகக் கேட்கிறது. நகரத்தாரிடையே அந்த வழக்கம் உண்டு என்றாலும், வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு எழுதுவதே முறை.

தாங்கள் ஆலை நடத்துவதால் வேறொன்றும் கவனிக்க வேண்டும். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போகக் கெடு தேதிக்குள் 10-ஐஇஏ படிவம் கொடுக்க வேண்டும். சம்பளக்காரரைப் போல் ஆண்டுதோறும் மாறி மாறிப் போக முடியாது. போனவர் ஒரே ஒருமுறை புதிய முறைக்குத் திரும்பலாம், பிறகு தொழில் இருக்கும்வரை பழைய முறையின் கதவு மூடிவிடும். ஒரு பையனின் கட்டணத்துக்காக மட்டும் அந்தக் கதவைத் திறக்காதீர்கள்.

செக்காலைக்காரருக்கு இன்னும் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். 80இ கழிவு, வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டும் அடுத்த ஏழு ஆண்டுகளும் என எட்டு ஆண்டுகளுக்கே. தாங்கள் இப்போதே கட்டத் தொடங்கிவிட்டதால், கழிவு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தங்கள் எட்டாண்டு ஓடத் தொடங்கிவிட்டது. அதற்காக வட்டியை ஏறவிட வேண்டும் என்று சொல்லமாட்டேன். மகள் வேலைக்குப் போய்த் தன் சம்பளத்திலிருந்து கட்டும்போது அவள் கணக்கு தனியாகத் தொடங்கும். அன்றைக்கு எந்த முறை லாபம் என்று அவள் பார்த்துக்கொள்வாள்.

கேள்வி கேட்டவர்: செக்காலைக்காரன், காரைக்குடி

ஐயாவுக்கும் ஆச்சிக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருமான வரித் தளத்தில் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டேன். புதிய முறையிலிருந்து விலகும் விருப்பத்தைப் பயன்படுத்துகிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி வருகிறது. எதிர்மறையாகக் கேட்பதால் முதலில் தடுமாறி ‘ஆம்’ என்று அழுத்திவிட்டேன். கீழே 80சி கட்டங்கள் திறந்ததைப் பார்த்து மகள்தான், “அப்பா, இல்லைன்னு போடணும்” என்று திருத்தினாள். ‘இல்லை’ என்று மாற்றியதும் வரி என்ற இடத்தில் பூஜ்யமும், திரும்ப வரவேண்டிய தொகை என்ற இடத்தில் 1,12,010-மும் வந்தன. பத்து ரூபாய்க்கு முழுமையாக்குவதால் இரண்டு ரூபாய் கூடியிருக்கிறது.

வருடாந்தரத் தகவல் அறிக்கையைத் திறந்தபோது, நான் மறந்தே போயிருந்த வைப்புத்தொகை வட்டி 18,000 அதில் இருந்தது. அதைச் சேர்த்தும் 10,83,000-தான் என்பதால் வரியில் மாற்றம் இல்லை. ஆதார் வழியாக ஒருமுறைக் கடவுச்சொல் பெற்று உடனே சரிபார்ப்பையும் முடித்துவிட்டேன். அதற்கு முப்பது நாள்தான் அவகாசம் என்று அங்கேயே போட்டிருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. இந்த நிதியாண்டுக்கு அலுவலகத்தில் மறுபடியும் பழைய முறை என்றே ஏப்ரலில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதை மாற்றச் சொல்லி இன்று காலை கடிதம் கொடுத்தபோது, பிள்ளை கல்லூரியில் படிக்கும்போது கழிவு வேண்டாம் என்கிறீர்களே என்று கணக்காளர் கேட்டார். கடிதத்தை வாங்கிக்கொண்டார், மாற்ற முடியுமா என்று தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பதில் 5: ஐந்தொகை, கானாடுகாத்தான்

ஆண்டின் நடுவில் மாற்ற விடுவதா இல்லையா என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. அவர்கள் மறுத்தாலும் நஷ்டமில்லை. மாதந்தோறும் பிடிப்பார்கள், அடுத்த ஆண்டு கணக்கு தாக்கல் செய்து, இப்போதுபோலவே திரும்பப் பெறுவீர்கள். பணம் ஓராண்டு சும்மா கிடக்கும், அவ்வளவுதான். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அந்தக் கணக்கில் பிரிவு எண்கள் மாறியிருக்கும். 80சி-யில் இருந்தது 123-ஆம் பிரிவில் இருக்கிறது. எண்ணைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்; 1,50,000 வரம்பு அங்கேயும் அதே 1,50,000-தான். சம்பளம் உயர்ந்து 12,75,000-ஐத் தாண்டும் ஆண்டில் மட்டும் இரண்டு முறையிலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதுவரை கல்லூரி ரசீதுகளையும் வங்கியின் வட்டிச் சான்றுகளையும் ஆண்டுவாரியாகக் கோத்து வைத்திருங்கள்.